பல்கலைக்கழக வாழ்வின் முதலாண்டு

நாற்றுமேடையிலே செழித்து நின்ற மிளகாய்க் கன்றும் புகையிலைக் கன்றும் தோட்டத்திற் பெயர்த்து நடப்பட்டவுடன் சில நாட்கள் தலைசாய்ந்து வாடி நிற்பதை யாழ்ப்பாணத்து உழவர் நன்கறிவர். நிலம் வளமுடையதாயினும், நீர் குறைவற்றதாயினும், வேரானது புதிய மண்ணைப் பற்றிக்கொள்ளும்வரை அவ்வாட்டம் நீங்குவதில்லை. அதனைக் கண்ட உழவன் கன்று பழுதென்று பிடுங்கி எறிவதுமில்லை. தானே தேறுமென்று பாராமுகமாக இருந்துவிடுவதுமில்லை. கல்லூரியை விட்டுப் பல்கலைக்கழகம் புகும் மாணவரின் முதலாண்டும் இத்தகையதே. அந்த ஓராண்டில் வேர் கொள்பவர் எஞ்சிய ஆண்டுகளிலே தழைக்கின்றனர். வேர் கொள்ளாதார் பட்டத்தைப் பெறினும் கல்வியைப் பெறாது திரும்புகின்றனர்.

அண்மைக் காலத்திலே இலங்கையில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ள 17 பல்கலைக்கழகங்களுக்கும் ஆண்டுதோறும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் தெரிவுசெய்யப்பட்டு வருகின்றனர். தெரிவாகும்வரை அவர்தம் கல்வியைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் பேசாத நாளில்லை. தெரிவான செய்தி வந்ததும் பாராட்டும் பரிசளிப்பும் நடைபெறுகின்றன. கல்லூரி அறிக்கையிலே பெயர் பொறிக்கப்படுகின்றது. அதன்பின் அம்மாணவர் யாது கற்றார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதைப் பற்றிக் கேட்பார் அரியர். வாயிலைக் கடப்பதற்குப் பதின்மூன்று ஆண்டு ஆயத்தம் நடைபெறுகின்றது. வாயிலுக்கு அப்பாலுள்ள வாழ்க்கைக்கு ஆயத்தம் யாதும் இல்லை. முதலாண்டிலே தோன்றும் இடர்களுட் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலமாகும்.

இவ்விடர்கள் முன்னாளிலும் இருந்தனவா என ஆராய்தல் பொருந்தும். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்னும் இயக்கம் 1906 இல் தோன்றியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதன் முன்னணியில் நின்றார். அதன் பயனாக 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. அங்குக் கற்றோர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தனி நிறுவனமாயிற்று. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். அக்காலத்தில் அங்குக் கற்றோர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. அவருட் பெரும்பாலார் ஆங்கிலத்திலே பயின்றவர். நூல்நிலையமும் விவாதமேடையும் உள்ள கல்லூரிகளிலிருந்து வந்தவர். 1952 இல் கலைப்பீடம் பேராதனைக்கு மாற்றப்பட்டபோது, மாணவர் யாவரும் விடுதிகளிலே தங்கி, விரிவுரையாளரோடு பழகி, கூட்டு வாழ்க்கையாலும் அறிவு பெறவேண்டும் என்பதே அமைப்பாளரின் நோக்கமாயிருந்தது. அருணாசலம், இராமநாதன் என்னும் பெயர்களைத் தாங்கிய விடுதிகள் அந்நோக்கத்தின் சின்னங்களாக இன்றும் நிற்கின்றன.

இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தமையும், 1960 முதல் பல்கலைக்கழகத்தின் கலைத்துறைகளிலே தமிழும் சிங்களமும் போதனாமொழிகளானமையும் உயர்கல்வியின் கதவை அகலத் திறந்தன. 1974 இல் திருநெல்வேலியிலே, முன்னர் பரமேஸ்வராக் கல்லூரி இயங்கிய வளாகத்தில், யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிற்று; 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் அந்நிலையை எய்தின. இதன் பயனாக, குடும்பத்திலே முதன்முதல் பல்கலைக்கழகம் புகுவோர், கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் வன்னிக் குடியேற்றங்களிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வருவோர், ஆண்டுதோறும் பெருகினர். பெண்பிள்ளைகள் இன்று மொத்தத் தொகையிற் பாதிக்கு மேற்பட்டுவிட்டனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆயினும், தந்தையோ தமையனோ பல்கலைக்கழக வாழ்க்கை இத்தகையது என முன்னதாக எடுத்துச் சொல்லும் வாய்ப்பு இவர்களுட் பலர்க்கு இல்லை. அன்றைய மாணவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த பழக்கங்களை இன்றைய மாணவர் முதலாண்டிலே தாமே தேடிக்கொள்ள வேண்டியவராயினர்.

இனி, முதலாண்டு மாணவரை எதிர்கொள்ளும் மாற்றங்களுட் தலையாயது கற்கும் முறையின் மாற்றமாகும். உயர்தர வகுப்பிலே பாடத்திட்டம் அச்சிடப்பட்டுள்ளது. கடந்த ஆண்டு வினாத்தாள்கள் கைக்கெட்டுவன. தனியார் கல்வி நிலையங்களிலே ஒவ்வொரு வினாவுக்கும் மாதிரி விடை எழுதிக் கொடுக்கப்படுகின்றது. நாளொன்றிலே எந்த மணியில் எந்தப் பாடம் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் வகுத்து வைக்கின்றனர். மாணவர் செய்யவேண்டியது அவ்வழியே நடத்தல் ஒன்றுதான். பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளர் ஒரு மணிநேரம் பேசிச் சில நூல்களின் பெயரைக் கூறிச் செல்கின்றார். வாரத்திலே வெறுமையான பொழுதுகள் பல தோன்றுகின்றன. அவற்றைக் கண்ட புதிய மாணவர், பல்கலைக்கழகக் கல்வி உயர்தர வகுப்பிலும் எளிதென மயங்குகின்றனர். இம்மயக்கமே முதற் கேடு.

இதனைக் கணக்கிட்டுக் காட்டலாம். இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பைக் குறிக்கும். ஓராண்டுக்குரிய புள்ளிகள் 30. ஆகவே ஆண்டொன்றுக்கு 1,500 மணிநேரம். அரையாண்டு ஒன்றுக்கு 15 வாரமாக 30 வாரங்கள் எனக் கொள்ளின், வாரமொன்றுக்கு 50 மணிநேரமாகின்றது. விரிவுரையோவெனில் ஒரு புள்ளிக்குப் பொதுவாக 15 மணிநேரமே. அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணிநேரம். எஞ்சிய 35 மணிநேரமும் வாசிப்பு, குறிப்பெடுத்தல், ஒப்படை எழுதுதல், கலந்துரையாடல் ஆகியவற்றுக்கென மாணவர் கையிலே விடப்பட்டவை. செய்முறைப் பயிற்சி மிக்க பீடங்களில் இக்கணக்குச் சிறிது வேறுபடும். ஆயினும் அடிப்படை அதுவே. நேரசூசியிலே வெறுமையாகத் தோன்றுவது ஓய்வுநேரமன்று. கல்வியின் பெரும்பகுதி அவ்வெறுமையிலேதான் நிகழவேண்டியிருக்கின்றது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பவணந்தி முனிவர் பாடங் கேட்கும் முறையை வகுத்துரைக்கின்றார். ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டுக்கொள்ளும் மாணவனுக்கும் அதனால் வருவது காற்பங்கு அறிவே என்பதும், உடன் கற்பாரோடு பயிலுதலால் இன்னொரு காற்பங்கு வரும் என்பதும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பதும் அவர் கருத்து. ஐம்பது மணியிலே பதினைந்து மணி விரிவுரை எனும் இற்றைநாட் கணக்கு, அவர் கூறிய காற்பங்குக்கு மிக அணித்தாயிருத்தல் நோக்கத்தக்கது. வள்ளுவரும் கல்வியையும் கேள்வியையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். கேட்டல் வேறு, கற்றல் வேறு. இரண்டும் கூடியபோதே அறிவு நிரம்பும். விரிவுரை மண்டபத்திலே தவறாது வந்தமர்ந்து, வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டு, பின்னர் அக்குறிப்பேட்டைப் பரீட்சைக்கு முந்திய வாரம்வரை திறவாதிருப்பவர் கேட்டார் எனலாமேயன்றிக் கற்றார் எனலாகாது.

கற்கும் முறை மாறுவது போலவே அறிவைப் பற்றிய நோக்கும் மாறவேண்டியிருக்கின்றது. உயர்தர வகுப்பிலே ஒரு வினாவுக்கு ஒரு விடை உண்டு. பல்கலைக்கழகத்திலோ விடையினும் அதற்குரிய சான்று பெரிது. யாழ்ப்பாண வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். ஆரியச் சக்கரவர்த்திகளின் தோற்றம் பற்றியும் சிங்கைநகர் எதுவென்பது பற்றியும் முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் ஒருமித்த கருத்தினர் அல்லர். இருவரும் பேரறிஞர், இருவரும் சாசனங்களையும் நூல்களையும் ஆராய்ந்தே எழுதினர். இவ்விருவர் கூற்றையும் விரிவுரையாளர் எடுத்து விளக்கியவுடன், எதனைப் பரீட்சைக்கு எழுதவேண்டும் என்று முதலாண்டு மாணவர் வினவுவது இயல்பு. ஆயின், அவர் வினவவேண்டியது வேறு: இவர் எச்சான்றைக் கொண்டு இவ்வாறு கூறினார், அவர் அச்சான்றை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை, பின்னர்க் கிடைத்த சான்றுகள் யாருடைய பக்கம் சாய்கின்றன என்பனவே அவை. இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்கிய நாளே ஒருவர் பல்கலைக்கழக மாணவராகும் நாள்.

விஞ்ஞானத் துறையிலும் இவ்வாறே. எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலை அளக்கும் பரிசோதனையிலே 9.8 என்னும் விடை வரவேண்டுமென்பது பாடசாலை மாணவர் யாவர்க்கும் தெரியும். 9.5 வந்தால் வாசிப்புகளைத் திருத்தி 9.8 ஆக்கிவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே 9.5 என்று உள்ளபடி எழுதி, வழு எங்கே நேர்ந்தது, ஊசலின் நீளத்தை அளந்ததிலா, அலைவுக்குரிய காலத்தைக் குறித்ததிலா, எனக் காரணம் காட்டுபவரே மதிக்கப்படுவர். திருத்திய 9.8 பொய்யாகும், காரணம் காட்டிய 9.5 விஞ்ஞானமாகும். இந்த நேர்மையை முதலாண்டிலே பழகாதவர் இறுதியாண்டு ஆய்விலே பழகிக்கொள்ளுதல் அரிது.

மூன்றாவது இடர் மொழியைச் சார்ந்தது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலிய பீடங்களுக்குத் தமிழ்மொழி மூலம் பயின்று செல்வோர் அங்கு முதல் நாளிலிருந்தே ஆங்கில விரிவுரைகளைக் கேட்கவேண்டியவராகின்றனர். கலைப்பீடத்திலே தமிழிற் கற்போர்க்கும் முதன்மையான நூல்கள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. உயர்தரப் பரீட்சையிலே மாவட்டத்தில் முன்னணியில் நின்றவர், விரிவுரையின் பாதி விளங்காமல், வினவவும் நாணி, தம் அறிவே குன்றியதென எண்ணி மனமுடைதல் உண்டு. குன்றியது அறிவன்று. பௌதிகத்தின் விதிகளையும் உடலின் அமைப்பையும் அவர் முன்னரே தமிழிற் கற்றிருக்கின்றார். அப்பொருளுக்குரிய புதிய பெயர்களையே இப்பொழுது கற்கவேண்டியுள்ளது. பொருளைத் தமிழிலே தெளிவாக அறிந்தவர்க்கு இது சில மாதத்து உழைப்பு. பொருளையே அறியாது ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு அது கைகூடாது.

இவ்விடருக்கு அனுபவத்தாற் கண்ட மருந்துகள் சில உள. விரிவுரைக்கு முதல்நாளே உரிய அத்தியாயத்தை ஒருமுறை பார்த்துச் செல்லின், கலைச்சொற்கள் செவிக்குப் பழகியனவாகி, விரிவுரை விளங்கத் தொடங்கும். ஒரு சிறு கொப்பியிலே ஒருபக்கம் ஆங்கிலச் சொல்லும் மறுபக்கம் தமிழ்ச் சொல்லும் எழுதி நாளொன்றுக்குப் பத்துச் சொல் சேர்த்துவரின், முதல் அரையாண்டு முடியுமுன் ஆயிரத்தை அணுகலாம். பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆங்கில வகுப்புகளைப் புள்ளிக்குப் புறம்பானவை எனத் தள்ளிவிடுவோர் பலர். அவர்களே பின்னர் வருந்துகின்றனர். தவறாக உச்சரித்தாற் பிறர் நகைப்பர் என அஞ்சி வாய்மூடியிருத்தல் எல்லாவற்றிலும் பெருந்தடை. நகைப்பவரிலும் பலர் அதே அச்சத்தை மறைத்து நிற்பவரே.

மொழியோடு இயைந்தது நூலகம். பள்ளியிலே ஒரு பாடத்துக்கு ஒரு நூல் என்றிருந்தவர் இலட்சக்கணக்கான நூல்களின் நடுவே திகைத்து நிற்றல் இயல்பே. டூயியின் தசமப் பகுப்பு முறையை ஒரு பிற்பகலிலே விளங்கிக்கொள்ளலாம். 954.93 என்னும் இலக்கத்தின் கீழ் இலங்கை வரலாறும், 894.811 என்னும் இலக்கத்தின் கீழ்த் தமிழிலக்கியமும் அமைந்திருக்கும். இலக்கத்தை அறிந்தவர் தேடிச்சென்ற நூலை எடுப்பதோடு அதன் இருபக்கத்தும் உள்ள நூல்களையும் காண்பர். தேடாத நூலொன்றே சிலவேளைகளிலே வாழ்க்கையின் துறையைத் தீர்மானித்து விடுகின்றது. கைத்தொலைபேசியிலே நொடிப்பொழுதில் விடை பெறும் இக்காலத்தில் நூலகம் எதற்கு என வினவுவோர் உளர். கேட்ட வினாவுக்கு விடை அங்குக் கிடைக்கலாம். கேட்கவேண்டிய வினா யாது என்பதை ஒரு நூலை முதலிலிருந்து இறுதிவரை வாசித்தவரே அறிவர்.

கல்விக்கு வெளியேயுள்ள இடர்களும் சிறியனவல்ல. அவற்றுள் முதன்மையானது பகிடிவதை. புதியோரின் கூச்சத்தைப் போக்குதற்கும், செல்வர் வறியர் என்னும் வேற்றுமையை நீக்குதற்கும், ஒற்றுமையை வளர்த்தற்கும் இஃது உதவுகின்றது எனச் சிரேஷ்ட மாணவருட் சிலர் காரணம் கூறுவர். இக்காரணங்கள் ஆராய்ச்சிக்கு நில்லா. அச்சத்தாற் கூச்சம் போவதில்லை. அது உள்ளே மறைகின்றது. ஒருவரை மண்டியிடச் செய்து சமத்துவம் கற்பித்தல் எங்கும் நிகழாதது. உண்மையான ஒற்றுமை ஒன்றாக உண்பதாலும், ஒன்றாக விளையாடுவதாலும், கற்ற ஒருவர் கல்லாதவர்க்குப் பாடஞ் சொல்வதாலும் உண்டாவது. 1997 இல் பேராதனையிலே பொறியியல் பயிலச் சென்ற தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டிலேயே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி பகிடிவதை புரிவோர்க்கு ஈராண்டுவரை கடூழியச் சிறையும், பாலியற் தொந்தரவோ கடுங்காயமோ விளைவிப்போர்க்குப் பத்தாண்டுவரை சிறையும் விதிக்கப்படலாம்.

சட்டம் இருந்தும் வழக்கம் ஒழியவில்லை. அதற்குக் காரணம் தேடித் தூரஞ் செல்லவேண்டியதில்லை. இவ்வாண்டு துன்புற்றவர் அடுத்த ஆண்டிலே துன்புறுத்துகின்றார்; தாம் பட்டதைப் பிறரும் படவேண்டும் என்பது அவர் நியாயம். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்திய வளையத்தையே பழிக்கின்றது. இச்சங்கிலியை அறுக்க வல்லவர் உபவேந்தருமல்லர், பொலிசாருமல்லர்; முதலாண்டை முடித்து இரண்டாம் ஆண்டிலே கால்வைக்கும் மாணவர் ஒருவரே. புதியோரும் துன்பத்தை மறைத்தல் தகாது. விடுதிப் பொறுப்பாளர், மாணவ ஆலோசகர், மானியங்கள் ஆணைக்குழு ஆகியோரிடம் முறையிடும் வழிகள் உள்ளன. வீட்டாரிடம் கூறின் கவலையுறுவர் என எண்ணி மறைப்பவர் பலர். மறைத்ததன் பின் வரும் கவலை அதனினும் பெரிது.

தனிமையும் ஓர் இடரே. உப்புக்காற்றிலும் பனைநிழலிலும் வளர்ந்தவர்க்குப் பேராதனையின் குளிரும் மழையும் சில நாட்கள் அழகாகத் தோன்றும். பின்னர் வீட்டு நினைவே மேலோங்கும். விடுதி வசதி போதாமையால் வெளியே அறையெடுத்துத் தங்குவோர்க்கு இஃது இரட்டிப்பாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பயில்வோரும் இதற்கு விலக்கல்லர். பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரிலே அமைந்துள்ளன. தென்னிலங்கைச் சிங்கள மாணவரும் அங்கு வந்து பயில்கின்றனர். தமிழறியாத அம்மாணவரின் தனிமை, சிங்களம் அறியாது தெற்கே செல்லும் தமிழ் மாணவரின் தனிமையை ஒத்ததே. ஒருவர் மற்றவரின் மொழியிலே நூறு சொல் கற்றுக்கொள்ளின் இருவர் தனிமையும் பாதியாகும். வேறெங்கும் இத்துணை எளிதிற் கிட்டாத அவ்வாய்ப்பைத் தம்மூரார் கூட்டத்துள்ளேயே ஒடுங்கியிருந்து இழப்பவர் பலர்.

கோயிலும் சங்கங்களும் இவ்விடத்தில் உற்ற துணையாகின்றன. பேராதனையின் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பரமேஸ்வரன் ஆலயமும் வழிபாட்டுக்கு மட்டுமன்றி, வேறு வேறு பீடத்தார் ஒருங்கு கூடுதற்கும் இடமாயுள்ளன. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ போன்ற இதழ்களிலே எழுதத் தொடங்கிப் பின்னர் எழுத்தாளராகவும் ஆய்வாளராகவும் விளங்கியோர் பலர். ஆயினும் இங்கும் அளவு வேண்டும். முதலாண்டிலே ஒரு சங்கமும் ஒரு விளையாட்டும் போதும். ஆறு சங்கங்களிலே பதவி வகித்து ஒப்படையை நள்ளிரவிலே பிறர் குறிப்பிலிருந்து பெயர்த்தெழுதுபவர் தொண்டாற்றுகிறார் எனல் பொருந்தாது.

பணத்தைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசவேண்டும். 1981 இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசிலும், வருமானங் குறைந்தோர்க்கான உதவுதொகையும் இலட்சக்கணக்கானோர்க்கு ஊன்றுகோலாயின. ஆனால் முதற்பணம் கைக்கு வருமுன் மாதங்கள் சில கழிதலும் உண்டு. அம்மாதங்களுக்கு வேண்டிய பணத்தை முன்னரே ஒதுக்கி வையாத குடும்பங்கள் நகையை ஈடு வைக்க நேர்கின்றது. மாதச் செலவை எழுதி வைக்கும் பழக்கம் இங்குப் பெரிதும் உதவும். நண்பரைப் போலக் கைத்தொலைபேசியும் உடையும் வாங்கவேண்டும் என்னும் ஆசையாற் கடன்பட்டோர், கடனுக்காக வேலை தேடி விரிவுரையை இழந்தோர், இல்லாமலில்லை. வறுமையை மறைப்பதற்குச் செலவிடும் முயற்சியைக் கல்வியிலே செலவிடுதல் நன்று.

இவை யாவற்றினும் நுண்ணியது ஒன்றுண்டு. அது முதன்மை இழத்தல். தம் கல்லூரியிலே எப்பொழுதும் முதலாம் இடத்தில் நின்றவர், தம்மைப் போன்றே ஊர்தோறும் முதலாம் இடத்தில் நின்ற இருநூறு பேரின் நடுவே அமர்கின்றார். அவ்விருநூறு பேருள் ஒருவரே முதலாமவராகலாம். இருநூறாமவர் ஒருவரும் இருந்தேயாகவேண்டும். முதற் பரீட்சையிலே வாழ்க்கையிற் காணாத குறைந்த புள்ளியைக் கண்டவுடன் சிலர் விரிவுரைக்கு வருவதையே விட்டுவிடுகின்றனர், சிலர் நோயுற்றவராகின்றனர். பிறரோடு ஒப்பிட்டுத் தம்மை அளந்த அளவுகோல் இனி உதவாது. சென்ற மாதம் விளங்காதது இம்மாதம் விளங்குகின்றதா என்பதே புதிய அளவுகோல். மனம் மிகத் தளர்ந்தால் மாணவ ஆலோசகரையோ வைத்தியரையோ நாடுதல் காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதை ஒத்தது. அதில் இழிவு யாதுமில்லை.

இத்துணை இடர்களும் நிறைந்த முதலாண்டையே பலர் ஓய்வாண்டாகக் கழிக்கின்றமைதான் இரங்கத்தக்கது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே ஓராண்டும் அதற்கு மேலும் கழிந்துவிடுகின்றமையால் படிக்கும் பழக்கமே நெகிழ்ந்துவிடுகின்றது. பின்னர், வருந்தி உழைத்தோம், சிறிது இளைப்பாறுவோம் என்னும் எண்ணம் எழுகின்றது. ஆனால் கலை, விஞ்ஞான பீடங்கள் பலவற்றிலே சிறப்புக் கற்கைக்கு மாணவரைத் தெரிவுசெய்வது முதலாண்டின், அல்லது முதலீராண்டின், பெறுபேற்றைக் கொண்டேயாகும். இறுதியாண்டிலே எத்துணை உழைப்பினும் அப்பொழுது மூடிய கதவு மீண்டும் திறவாது. தாம் விரும்பிய பாடத்திலே சிறப்புப் பட்டம் பெற்று ஆய்வாளராகியிருக்கக்கூடியவர், எட்டு மாதத்துக் கவனயீனத்தால் வேறு வழியிற் செல்ல நேர்கின்றது. முதலாண்டை இழந்தவர் இழப்பது ஓராண்டன்று.

இவற்றை நோக்குமிடத்துக் கல்லூரிகளுக்கும் கடமை உண்டு என்பது பெறப்படும். உயர்தர வகுப்பிலே வாரத்தில் ஒரு பாடவேளையாயினும் குறிப்புக் கொடாது பேசி, மாணவரைத் தாமே குறிப்பெடுக்கச் செய்யலாம். ஒரு பொருளைப் பற்றி இரு நூல்களை வாசிக்கச் செய்து வேற்றுமை காட்டச் சொல்லலாம். பாடத்தின் ஒரு பகுதியை மாணவர் ஒருவரே வகுப்புக்கு எடுத்துரைக்க இடங்கொடுக்கலாம். நன்னூலார் கூறிய அரைப்பங்கு அங்கே தொடங்கும். ஊசலின் விடை 9.5 ஆயின் 9.5 என்றே எழுதும் துணிவை ஆய்வுகூடத்திலே வளர்க்கலாம். இவற்றுக்குப் பணமும் வேண்டா, சுற்றுநிருபமும் வேண்டா. பரீட்சைப் பெறுபேறு இதனாற் குன்றுமென அஞ்சுவோர் உளர். தாமே சிந்திக்கப் பழகிய மாணவர் பரீட்சையிலும் பின்னிற்பதில்லை.

பழைய மாணவரின் கடமையும் இதனிற் குறைந்ததன்று. பல்கலைக்கழக அனுமதி வெளியானவுடன் அங்குப் பயிலும் பழைய மாணவர் கல்லூரிக்கு வந்து புதியோரைச் சந்தித்து, விடுதி, செலவு, ஆங்கில வகுப்பு, பாடத்தெரிவு ஆகியவற்றை விளக்குதல் ஒரு பிற்பகலிலே முடியும் காரியம். முதல் அரையாண்டிலே ஒவ்வொரு புதிய மாணவர்க்கும் ஒரு சிரேஷ்ட மாணவர் பொறுப்பேற்பது அதனினும் சிறந்தது. தம் கல்லூரித் தம்பியரையும் தங்கையரையும் வதைப்பவர்களுள் தம் கல்லூரியார் ஒருவரும் இல்லை எனச் சொல்லக்கூடிய நிலையை ஆக்குதல் பழைய மாணவர் சங்கங்கள் ஈட்டக்கூடிய பெருமைகளுள் ஒன்றாகும்.

பெயர்த்து நட்ட கன்றுக்கு உழவன் காலையும் மாலையும் நீர் வார்த்து, வெயில் படாது சிறிது நாள் மறைப்பும் இடுகின்றான். வேர் ஊன்றியபின் மறைப்பை எடுத்துவிடுகின்றான். அவ்வளவே கல்லூரியும் வீடும் பழைய மாணவரும் செய்யக்கூடியது. மண்ணைப் பற்றவேண்டியது கன்றின் வேரே. வாரத்தின் அந்த முப்பத்தைந்து மணிநேரத்தை ஆளக் கற்றுக்கொண்ட மாணவர் பல்கலைக்கழகம் தரக்கூடியவற்றுட் பெரியதை முதலாண்டிலேயே பெற்றுவிட்டார். ஏனையவை காலத்தில் வந்து சேரும்.